1974 படத்துக்கு என்ன பெயர் எழுதுவது? ஆல்பர்ட் ஹென்றியா, 'சர்' ஆல்பர்ட் ஹென்றியா?

இருட்டறை (ஆக்லாந்து) எழுதியது:

நண்பர்களே, என்னுடைய பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். படத்துக்கு ஒரு வரி விளக்கம் கேட்கிறார்கள். யார், எங்கே, எப்போது, அவ்வளவுதான். கல்யாணம், ரக்பி, தொழிற்சாலை வேலைநிறுத்தம் எல்லாம் சிக்கலில்லாமல் ஓடிவிட்டன. ஒரு கவரில்தான் மாட்டிக்கொண்டேன்.

கவரின் மேல் "ராரோடோங்கா, ஜன. 74, சர் ஏ.எச்." என்று என் கையெழுத்து. அதில் 'சர்' மட்டும் வேறு மையில் அடிக்கப்பட்டிருக்கிறது. நான் அடிக்கவில்லை. அப்போது நான் வேலை பார்த்த படக்கூடத்தில் யாரோ 1980ல் அடித்திருக்க வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்கு: குக் தீவுகள் பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் 15 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 240 சதுர கிலோமீட்டர்தான். 1965ல் நியூசிலாந்தோடு தொடர்பை வைத்துக்கொண்டே தன்னாட்சி பெற்றது. முதல் பிரீமியர், அதாவது ஆட்சித் தலைவர், ஆல்பர்ட் ஹென்றி. 1974 ஜனவரி இறுதியில் எலிசபெத் ராணி நேரில் வந்து தலைநகர்த் தீவான ராரோடோங்காவில் விமான நிலையத்தைத் திறந்துவைத்தார், ஹென்றிக்கு 'சர்' பட்டமும் சூட்டினார். 1978ல் தேர்தல் முறைகேட்டில் பதவி போயிற்று. 1979ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை. 1980ல் பட்டத்தைப் பிடுங்கினார்கள். 1981 ஜனவரி 1 அன்று ஆள் போய்ச் சேர்ந்தார். 2023ல் அவருக்கு மன்னிப்பு வழங்கியிருக்கிறார்கள், இறந்து நாற்பது வருஷம் கழித்து.

இப்போது சொல்லுங்கள். 1974 ஜனவரியில் எடுத்த படத்தின் கீழே நான் 'சர்' எழுதலாமா, கூடாதா?

குட்டி லென்ஸ் (கோயம்புத்தூர்) எழுதியது:

ஐயா, விளக்கம் இருக்கட்டும். ராணி வந்த அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா?! எந்தக் கேமரா, எந்த ஃபிலிம், எப்படிப் போனீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். பட்டம் சூட்டும்போது ராணியின் வாள் தோளைத் தொடுகிற படம் இருக்கிறதா?

இருட்டறை எழுதியது:

தம்பி, அந்தப் படம் என்னிடம் இல்லை. அது மூத்தவர்களுக்கு ஒதுக்கிய இடம். நான் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த இருட்டறையிலேயே தங்கிவிட்டவன். பத்திரிகைகளுக்குப் படம் விற்கிற கூடம் அது. எங்கள் மூத்த படக்காரருக்கு லென்ஸ் பை தூக்கவும் ஃபிலிம் மாற்றவும் ஒரு கை தேவைப்பட்டது, அதனால் போனேன். "நீ கூட்டத்தைப் பார்த்துக்கொள்" என்றார். என் ரோல்கள் முழுக்கக் கூட்டம்தான். இன்று யோசித்தால் அதுவும் நல்லதுக்குத்தான். ராணி படம் உலகம் முழுக்க ஆயிரம் இருக்கும்.

நிக்கான் எஃப், 105 லென்ஸ், ட்ரை-எக்ஸ். அந்த ஊரில் ஜனவரி வெயில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். பெண்கள் எல்லோரும் தென்னங்குருத்தில் பின்னிய வெள்ளைத் தொப்பி. தொப்பியின் விளிம்பு நிழல் மூக்கு வரைக்கும் விழும். முகம் கறுப்பு, நிழலில் இன்னும் கறுப்பு, தொப்பியும் சட்டையும் பளீர் வெள்ளை. வெளிச்சம் அளக்கிற மீட்டரை நம்பினால் முகம் கரிக்கட்டைதான். நான் முகத்துக்கு அளந்துவிட்டு வெள்ளையைப் போனால் போகட்டும் என்று விட்டேன். அப்புறம் நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடுகிற என்லார்ஜரின் கீழே தொப்பிகளுக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்து, கையை அட்டை மாதிரி வைத்து மறைத்து மறைத்து, ஒவ்வொரு தொப்பியாக மீட்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த முகங்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். எடுக்கும்போது பார்த்ததைவிடப் பிரிண்ட் போடும்போது பார்த்ததுதான் அதிகம்.

ஹென்றி என் ரோலில் சில ஃபிரேம்களில்தான் இருக்கிறார், பட்டம் வாங்கிய பிறகு. தடித்த கண்ணாடி, அறுபது தாண்டிய உடம்பு. ஒரு ஃபிரேமில் கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி எட்டி அவருடைய கையைப் பிடித்திருக்கிறார். ராணி எந்தப் பக்கம் போனார் என்றுகூட அந்தப் பாட்டி பார்க்கவில்லை. அந்த ஃபிரேமுக்குத்தான் இப்போது விளக்கம் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

விமான நிலையம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கிருந்து புரியாது. 1960 வரை டீல் என்கிற நியூசிலாந்து விமான நிறுவனத்தின் கடல் விமானம் ஐடுடாகி தீவின் காயலில் இறங்கும், அதுவும் பெட்ரோல் போட. அப்புறம் ரொம்ப காலம் பெரும்பாலும் கப்பல்தான். பெரிய ஜெட் இறங்குகிற ஓடுபாதை வந்ததும் ஆக்லாந்து சில மணி நேரத் தூரமாகிவிட்டது. ஆக்லாந்தில்தான் அவர்களுடைய பாதிக் குடும்பம் இருக்கிறது.

ஸ்டாம்ப் மாமா (மதுரை) எழுதியது:

அண்ணே, வணக்கம். குக் தீவு என்றதும் ஓடி வந்துவிட்டேன். எழுபதுகளில் ஸ்டாம்ப் சேர்த்த எல்லாருடைய ஆல்பத்திலும் அந்த ஊர் இருக்கும். பூ, சங்கு, ராணி, அப்போலோ, கிறிஸ்துமஸ் என்று அடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஊரில் கடிதம் எழுதுகிற ஆளைவிட ஸ்டாம்ப் வகை அதிகமாக இருந்திருக்கும்.

அத்தனைக்கும் பின்னால் ஒரே ஆள், நியூயார்க்கின் ஃபின்பார் கென்னி. சாதாரண ஆளில்லை. மேசிஸ் கடையின் ஸ்டாம்ப் பிரிவை நடத்தியவர். உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்டாம்ப் என்கிறார்களே, பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா, அது 1940ல் கைமாறியபோது நடுவில் நின்று முடித்துக்கொடுத்தவர். அவர்தான் குக் தீவு அரசோடு ஒப்பந்தம் போட்டு ஸ்டாம்ப் அச்சடித்து உலகமெல்லாம் விற்றார். அரசுக்கு அது நல்ல வருமானம். வரி போட ஆளில்லாத நாடு, என்ன செய்வார்கள்?

ஆனால் ஹென்றியைக் கவிழ்த்ததும் இந்த ஸ்டாம்ப் காசுதான். அதனால் என் ஓட்டு: 'சர்' போடாதீர்கள். மேலிடமே பிடுங்கியதை நாம் ஏன் ஒட்ட வேண்டும்?

இருட்டறை எழுதியது:

மாமா சொன்ன ஸ்டாம்ப் காசு விமானமாக மாறியதை நான் பார்த்தேன்.

1978 மார்ச் கடைசி வாரம். அப்போது கூடத்தில் எனக்குத் தனியாகக் கேமரா கொடுத்திருந்தார்கள். ஆக்லாந்தின் மாங்கெரே விமான நிலையத்தில் குக் தீவு ஆட்கள் கூட்டமாகக் கிளம்புகிறார்கள், போய்ப் பார் என்றார்கள். கயிறு கட்டிய சூட்கேஸ், அட்டைப்பெட்டி, தூங்கி வழிகிற குழந்தைகள், கிட்டாரோடு இரண்டு மூன்று பேர். வேலையிலிருந்து நேராக வந்தவர்கள் சீருடையோடு நின்றார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டால் வரிசையாக நின்று சிரித்தார்கள். யாரும் முகத்தை மறைக்கவில்லை. மறைக்கிற காரியம் என்று யாருமே நினைக்கவில்லை. ஊருக்குப் போகிறோம், அம்மாவைப் பார்க்கிறோம், ஒரு ஓட்டும் போட்டுவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்.

பின்னணி இதுதான். அன்றைய சட்டப்படி வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்தபடியே ஓட்டுப் போட முடியாது. நேரில் வந்தாக வேண்டும். ஹென்றியின் குக் தீவுக் கட்சிக்கு நியூசிலாந்தில் ஆதரவாளர்கள் அதிகம். டாம் டேவிஸின் ஜனநாயகக் கட்சி அந்தத் தடவை பலமாக இருந்தது. அப்படியானால் ஓட்டைக் கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வாடகை விமானம் பிடித்து, நூற்றுக்கணக்கான பேரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். மார்ச் 30 தேர்தலில் ஹென்றி ஜெயித்தார்.

என் மனதில் ரொம்ப நாளாக இருப்பது இதுதான். அவர்கள் இறங்கிய ஓடுபாதை 1974ல் ராணி திறந்துவைத்த அதே ஓடுபாதை. அது இல்லாவிட்டால் அன்று ராணியும் வந்திருக்க மாட்டார், இந்த ஓட்டுகளும் வந்திருக்காது. இரண்டு ரோலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் ஆட்களும் ஒரே மாதிரி ஆட்கள்தான், அதே தொப்பி, அதே பூமாலை, அதே சிரிப்பு. ஒன்றைப் பெருமை என்றும் இன்னொன்றைக் குற்றம் என்றும் வேறு வேறு கவரில் போட என் கை வரமாட்டேன் என்கிறது.

தெருமுனை (திருச்சி) எழுதியது:

நம்ம ஊரில் ஓட்டுக்குப் பஸ் விடுவார்கள். இவர் பிளேனே விட்டிருக்கிறார். மரியாதை தெரிந்த மனுஷன்!

சட்டப்புள்ளி (சென்னை) எழுதியது:

சிரிப்பு இருக்கட்டும். வழக்கின் முழு உருவத்தைப் பார்த்தால்தான் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

விமானத்தில் ஆள் கொண்டுவந்தது மட்டும் குற்றமில்லை. எதிர்க்கட்சியும் நியூசிலாந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. அவர்கள் தங்கள் டிக்கெட்டுக்குத் தாங்களே காசு கொடுத்தார்கள். ஹென்றியின் ஆட்களுக்குப் பணம் யார் கொடுத்தது என்பதில்தான் வழக்கே. ஸ்டாம்ப் வருமானத்திலிருந்து அரசுக்கு வரவேண்டிய தொகையை முன்பணமாகத் திருப்பி, கட்சியின் விமானச் செலவுக்கு விட்டிருக்கிறார்கள். அதாவது பொதுப்பணத்தில் வாக்காளருக்கு இலவசப் பயணம். தலைமை நீதிபதி கேவன் டோன் 1978 ஜூலை 24 அன்று தீர்ப்புச் சொன்னார். இலவசமாக வந்தவர்களின் ஓட்டுச் செல்லாது என்றார். ஹென்றி கட்சியின் பல இடங்கள் பறிபோய், பெரும்பான்மை எதிர்க்கட்சிக்குப் போய், டாம் டேவிஸ் பிரீமியர் ஆனார். மறுதேர்தல் இல்லை, கலகம் இல்லை. நீதிமன்றத்தில் வாசித்த தீர்ப்பிலேயே அரசு மாறியது. மூன்று வருஷம் முன்னால், இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்குப் பிறகு நம் நாட்டில் நடந்ததை நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவும் விடவில்லை. வெளிநாட்டு அரசுகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்க அங்கே 1977ல் சட்டம் போட்டிருந்தார்கள். கென்னியின் நிறுவனம் 1979ல் அந்தச் சட்டத்தின் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 50,000 டாலர் அபராதம். கூடவே 337,000 நியூசிலாந்து டாலரைக் குக் தீவு அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் ஆரம்ப வழக்குகளில் இது ஒன்று. பன்னாட்டு நிறுவனங்களின் சட்டப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் பயிற்சியில் இன்றும் இந்த வழக்கைப் பார்ப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் இந்த ஊர்ப் பெயர் தெரியும்.

ஸ்டாம்ப் மாமா எழுதியது:

பாருங்கள், நான் சொன்னேனா இல்லையா. ஆல்பத்தில் நான் ஆசையாக ஒட்டிய சங்கு ஸ்டாம்புக்கு நான் கொடுத்த காசிலும் எவனோ ஒருவன் பிளேன் ஏறியிருக்கிறான்.

பிரிஸ்பேன்காரன் எழுதியது:

எங்கள் ஊர் 'சர்' கதையையும் இங்கே வைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். சர் ஜோ பியெல்கே-பீட்டர்சன். 1968 முதல் 1987 வரை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலப் பிரீமியர். 1984ல் பட்டம். காரணம் என்ன போட்டார்கள் தெரியுமா? நாடாளுமன்ற ஜனநாயகத்துக்கு ஆற்றிய சேவை! தெருவில் ஊர்வலம் போகவே தடை போட்ட மனுஷர். பத்திரிகையாளர் சந்திப்பை 'கோழிகளுக்குத் தீனி போடுவது' என்று அவரே சொல்வார். கோழிகளும் ஒழுங்காகப் பொறுக்கின, அதையும் சொல்ல வேண்டும்.

போலீஸ் ஊழலைத் தோண்டிய ஃபிட்ஸ்ஜெரால்டு விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே 1987 டிசம்பரில் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. பொய்ச் சாட்சி வழக்கில் 1991ல் ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்தார்கள். அதனால் 2005ல் சாகும்வரை சர் ஜோவாகவே இருந்தார். அவருடைய போலீஸ் கமிஷனர் டெரி லூயிஸ் 1986ல் பட்டம் வாங்கினார், ஊழலில் தண்டனை பெற்றார், 1993ல் பட்டம் போயிற்று. கீழே இருந்தவருக்குப் போனது, மேலே இருந்தவருக்கு நின்றது. குக் தீவு மனுஷர் என்ன பாவம் செய்தார்? ஒப்புக்கொண்டதுதான் பாவம்.

அப்புறம் ஒரு உதிரித் தகவல், இந்த ஜோ பிறந்தது நியூசிலாந்தில்.

இருட்டறை எழுதியது:

பிரிஸ்பேன் தம்பி, உங்கள் ஜோவுக்கும் எங்கள் ஹென்றிக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிறார். மிலன் பிரிச். புற்றுநோயைக் குணப்படுத்துவேன் என்று ஆக்லாந்தில் பேர் வாங்கி, அப்புறம் படிப்புச் சான்றிதழே சந்தேகம் என்று நியூசிலாந்தில் மருத்துவப் பதிவை இழந்தவர். அவரை 1977ல் ராரோடோங்காவுக்கு வரவழைத்து இடம் கொடுத்தது ஹென்றிதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து கைவிடப்பட்ட நோயாளிகள் விமானம் ஏறி வந்தார்கள். மறுபடியும் அதே ஓடுபாதை. டாம் டேவிஸ் தானே ஒரு டாக்டர். பதவிக்கு வந்ததும் முதல் வேலையாக பிரிச்சைக் கிளப்பினார். அப்போது பிரிச்சைக் குவீன்ஸ்லாந்துக்குக் கூப்பிட நினைத்தவர் உங்கள் ஜோ. கடைசியில் பிரிச் கலிஃபோர்னியாவுக்குப் போய், உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1983ல் தண்டனை பெற்றார்.

அவரிடம் வைத்தியத்துக்கு வந்து இறந்தவர்கள் பலர் விமான நிலையத்தை ஒட்டிய நிக்காவ் கல்லறையில் கிடக்கிறார்கள். பிற்பாடு ஒருமுறை போனபோது அங்கே படம் எடுத்தேன். ஆஸ்திரேலிய ஊர்ப் பெயர்கள் பொறித்த கற்கள். ஐம்பதைத் தாண்டாத வயசுகள். ஓட்டு விஷயத்தைக்கூட நான் ஒருவழியாக ஏற்றுக்கொள்வேன். ஹென்றி மேல் எனக்கு இருக்கிற வருத்தம் இந்தக் கற்களில்தான். வழக்கில் இதற்கு இடமே இல்லை. பட்டத்தைப் பிடுங்கும்போதும் இது கணக்கில் வந்ததில்லை.

வெலிங்டன் அக்கா எழுதியது:

இதுவரை எல்லாரும் நீதிமன்றத்தின் கதையையே சொல்லிவிட்டீர்கள். நான் குக் தீவு மக்களோடு ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள். அவர்கள் வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி. முதியோர் பென்ஷன் கொண்டுவந்தவர் ஹென்றி. நியூசிலாந்து அரசே எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தபோது, உங்களை நீங்களே ஆளலாம் என்று சொன்னவர். நாற்பதுகளில் ஆக்லாந்தில் இருந்தபடியே குக் தீவு முன்னேற்றச் சங்கத்தில் முன்னணியில் நின்றார். துறைமுகத் தொழிலாளி, வாழைப்பழம் ஏற்றுகிறவன், இவர்கள்தான் அவருடைய ஆட்கள்.

இன்னொன்று, 1965 தேர்தலில் நிற்க அவருக்கே தகுதியில்லை. ரொம்ப காலம் நியூசிலாந்தில் இருந்துவிட்டார், உள்ளூரில் குடியிருந்த காலம் போதாது. தங்கை மார்கரீட் ஸ்டோரி அந்த இடத்தில் நின்று ஜெயித்து, விதியைத் தளர்த்தியதும் விலகி இடம் கொடுத்தார். அந்தத் தங்கைதான் பிறகு சபாநாயகர் ஆனார். காமன்வெல்த் நாடுகளிலேயே முதல் பெண் சபாநாயகர்களில் அவரும் ஒருவர் என்று சொல்வார்கள். வெளியூரில் இருக்கிறவனுக்கும் ஊரில் பங்கு உண்டு என்பது ஹென்றிக்குக் கட்சித் தந்திரமாக மட்டும் இருந்திருக்காது, அவருடைய வாழ்க்கையே அதுதான்.

பிடிக்காதவர்கள், குடும்பத்துக்கே எல்லாப் பதவியும் என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

ராரோடோங்காவின் அவாருவா ஊர்த் தேவாலயத்தின் கல்லறையில் அவருடைய வெண்கலத் தலைச்சிலை இருக்கிறது. இருட்டறை அண்ணா பார்த்திருப்பார். சிலைக்கு நிஜ மூக்குக்கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள், கழுத்தில் சிப்பி மாலையும் பூவும். நான் போன அன்றும் பூ வாடாமல் இருந்தது. யாரோ தினமும் வருகிறார்கள்.

இருட்டறை எழுதியது:

பார்த்தேன் அக்கா. கண்ணாடியில் உப்புக்காற்று படிந்து ஒரு பக்கம் மங்கியிருந்தது. படம் எடுக்கும் முன் என் சட்டை நுனியால் துடைக்கப் போனேன். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவரே வந்து துடைத்தார்.

குட்டி லென்ஸ் எழுதியது:

ஒரு சந்தேகம். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றால் 'சர்' திரும்பி வந்துவிடும்தானே? அப்படியானால் ஐயாவின் பிரச்சினையே தீர்ந்தது.

சட்டப்புள்ளி எழுதியது:

இரண்டும் வேறு வேறு கணக்கு தம்பி. மன்னிப்பு என்பது தண்டனையைப் பற்றியது. பட்டம் என்பது ஓர் அமைப்பின் உறுப்பினர் பதவி மாதிரி, ஆள் உயிரோடு இருக்கும் வரைதான். இறந்தவுடன் தானாக முடிந்துவிடும். அதனால் இறந்தவரிடமிருந்து பிடுங்கவும் முடியாது, இறந்தவருக்குக் கொடுக்கவும் முடியாது. பிரிட்டிஷ் டிவி பிரபலம் ஜிம்மி சேவில் செத்த பிறகு அவருடைய அக்கிரமங்கள் வெளிவந்தபோது, பட்டத்தைப் பறியுங்கள் என்று கூச்சல் எழுந்தது. பறிக்க ஒன்றுமே மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உயிரோடு இருந்தால் கடைசி நாளில்கூட முடியும். 1978ல் லண்டனில் வாங்கிய கௌரவப் பட்டத்தை ருமேனிய சர்வாதிகாரி சௌசெஸ்குவிடமிருந்து 1989 டிசம்பர் 24 அன்று பறித்தார்கள். மறுநாள் சுட்டுக் கொன்றார்கள்.

ஆகவே ஹென்றி 1974 முதல் 1980 வரை மட்டும் 'சர்'. என் கருத்து: படம் எடுத்த அன்றைக்கு என்ன பெயரோ அதைத்தான் எழுத வேண்டும். ஆவணம் என்றால் அதுதான்.

தெருமுனை எழுதியது:

தாகூர் வேண்டாம் என்று விட்டாரே, அவருக்கு என்ன கணக்கு?

சட்டப்புள்ளி எழுதியது:

அவர் 1919ல் ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்துத் தானே வேண்டாம் என்றார். அதற்கு முந்தின வருஷமே நம் சென்னை சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்பார்களே, அவரும் தூக்கி வீசினார். அவர்கள் இருவரும் தாங்களாக விட்டவர்கள், இங்கே பேச்சு பிடுங்கப்பட்டவரைப் பற்றி. இழையைத் திருப்ப வேண்டாம்.

ஸ்டாம்ப் மாமா எழுதியது:

வக்கீல் சார் சொல்கிற கணக்கிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. அண்ணே, அந்தப் பாட்டி கையைப் பிடித்த படம் பட்டம் சூட்டிய பிறகு எடுத்தது, சரி. அதே ரோலில் பட்டம் சூட்டுவதற்கு முன்னால் எடுத்த ஃபிரேம் இருந்தால்? அரை மணி நேரத்துக்கு ஒரு பெயரா? படிக்கிறவன் குழம்பிப் போவான். மேலும் காப்பகத்தில் தேடுகிற பிள்ளைக்கு 'சர்' என்று பார்த்தால், ஓ பெரிய மனுஷர் போல என்று தோன்றும், அங்கேயே நின்றுவிடும். ஸ்டாம்ப் கதை அவன் கண்ணுக்கே வராது.

இருட்டறை எழுதியது:

மாமாவின் கடைசிப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் வெறும் 'ஆல்பர்ட் ஹென்றி' என்று எழுதினாலும் அதே வேலைதான் நடக்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து. கவரில் 'சர்'ரை அடித்த ஆள் செய்ததும் அதுதான்.

ஒரு விஷயம் சொல்கிறேன். 1980ல் பட்டம் பறிபோன செய்தி வந்த வாரம் பத்திரிகைகள் எங்கள் கூடத்திடம் கேட்டது புதுப் படமில்லை, இந்த 1974 படங்களைத்தான். நானே பிரிண்ட் போட்டேன். 1974ல் போட்ட கான்டாக்ட் ஷீட்டில், அதாவது ரோலின் எல்லா ஃபிரேமையும் நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்ட தாளில், சிவப்பு மெழுகுப் பென்சிலால் கட்டம் போட்டிருக்கும், பாட்டியும் கையும் சேர்ந்து உள்ளே. 1980ல் அதே ஃபிரேமுக்குள் நீலத்தில் இன்னொரு சின்னக் கட்டம், ஹென்றியின் முகம் மட்டும். பாட்டியின் கை அவருடைய மணிக்கட்டோடு வெட்டுப்பட்டது. கூட்டமெல்லாம் போய், குனிந்த தலை மட்டும் நிற்கும்போது அது வெட்கப்பட்டுக் குனிந்த மாதிரியே இருந்தது. உண்மையில் அவர் குனிந்தது குள்ளப் பாட்டி சொல்வது காதில் விழுவதற்காக. அச்சில் வந்ததைப் பார்த்து யாருக்கு அது தெரியும்?

அதனால் முழு ஃபிரேமைத்தான் ஸ்கேன் செய்து கொடுக்கப் போகிறேன், ஓரத்துத் துளைகள் தெரிய. கான்டாக்ட் ஷீட்டையும் இரண்டு கட்டங்களோடு அப்படியே. கவரையும் சேர்த்து, அடித்த 'சர்'ரோடு. வரி இப்படி இருக்கும்:

"ராரோடோங்கா, 1974 ஜனவரி. விமான நிலையத் திறப்பு விழாவில், 'சர்' பட்டம் பெற்ற சிறிது நேரத்தில் பிரீமியர் ஆல்பர்ட் ஹென்றி. உடன் பெயர் தெரியாத மூதாட்டி. பட்டம் 1980ல் ரத்தானது. 2023ல் மன்னிப்பு வழங்கப்பட்டது. 1978 மாங்கெரே விமான நிலையப் படங்களையும் நிக்காவ் கல்லறைப் படங்களையும் சேர்த்துப் பார்க்க."

வெலிங்டன் அக்கா எழுதியது:

நன்றாக இருக்கிறது. அந்தப் படத்தை ராரோடோங்காவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் அண்ணா. பாட்டியை அடையாளம் சொல்ல அங்கே யாராவது இருப்பார்கள். தொப்பிப் பின்னலைப் பார்த்தே எந்தத் தீவு என்று சொல்கிறவர்கள் உண்டு.

பிரிஸ்பேன்காரன் எழுதியது:

எங்கள் ஜோவுக்கு இப்படி ஒரு வரி எழுதினால் ஒரு பக்கம் போதாது.

ஸ்டாம்ப் மாமா எழுதியது:

ஒரு வரி கேட்டவர்களுக்கு இத்தனை வரியா அண்ணே? காப்பகத்தில் திட்டப் போகிறார்கள். ஸ்டாம்ப் ஊழல் என்கிற வார்த்தை மட்டும் இன்னும் உள்ளே வரவில்லை, அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குட்டி லென்ஸ் எழுதியது:

ஐயா, நீலக் கட்டம் போட்ட ஷீட்டை இங்கே ஏற்ற முடியுமா? அப்புறம் ஐம்பது வருஷ ட்ரை-எக்ஸ் சுருண்டு போயிருக்குமே, ஸ்கேனரில் எப்படிச் சமமாக உட்கார வைக்கிறீர்கள்? என் தாத்தாவின் நெகட்டிவ்கள் வில்லாக வளைந்து கிடக்கின்றன.

இருட்டறை எழுதியது:

ஷீட்டைக் காப்பகத்தைக் கேட்டுக்கொண்டு ஏற்றுகிறேன். நெகட்டிவுக்கு அவசரப்படாதே. கையால் எதிர்ப்பக்கம் வளைக்காதே, பூச்சு வெடித்துவிடும். ஆறு ஆறு ஃபிரேமாக வெட்டியிருந்தால் கவரோடு கனமான இரண்டு புத்தகத்துக்கு நடுவில் சில வாரம் வை. மழைக்காலமாக இருந்தால் கூடுதல் நல்லது, ரொம்பக் காய்ந்த ஃபிலிம்தான் அதிகம் சுருளும். கவரைத் திறந்ததும் காடி வாசனை வந்தால் மட்டும் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு எனக்குத் தனிமடல் போடு, அது வேறு வியாதி.